ஜூலை இருபத்திரண்டு

நேற்று முழுக்க நல்லவர்களாக இருந்தோம்.
புக்கிட் பாஞ்சாங்கில், எல்ஆர்டி வளைந்து போகும் தடத்துக்குக் கீழே
பள்ளித் திடலெங்கும் பாவாடை, பாஜு குரோங், சியோங்சாம்.
யாருடையதை யார் உடுத்தியிருக்கிறார்கள் என்று
கேட்கக் கூடாது, அதுதான் அந்த நாளின் அழகு.
என் கைப்பையில் இருந்த ஊக்குகள் எல்லாம்
ஷு லிங்கின் சேலைக்கே தீர்ந்துவிட்டன.

இன்று சீருடை.
வண்ண அரிசிக் கோலத்தை மைனாக்கள் முக்கால்வாசி முடித்துவிட்டன.
மிச்சத்தைக் குழாய்நீரால் அடித்துக்கொண்டிருந்தார்
துப்புரவுப் பணியாளர்.
மூன்று வருடமாக வணக்கம் சொல்கிறேன்,
பெயர் தெரியாது.

முதல் பாடம் உடற்கல்வி.
இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நில்லுங்கள் என்றேன்.
வெய் ஜே பரிதியின் கையைப் பிடித்தான்.
விசில் ஊதியதும் விட்டான்.
விட்ட கையைக் காற்சட்டையில் துடைத்தான்,
உள்ளங்கை,
பிறகு புறங்கை.
பரிதி அதைப் பார்த்தான்.
நான் பார்த்ததையும் பார்த்தான்.
நான் அடுத்த விசிலை ஊதினேன்.

மேசையில் வெய் ஜேயின் பயிற்சித்தாள்.
மூன்றாம் கேள்வி: வேறு இன நண்பரிடம் எப்படி நடந்துகொள்வாய்?
'அன்பாக, மரியாதையாக.'
பக்கத்தில் நானே ஒட்டிய பொன் நட்சத்திரம்.
அவன் பொய் எழுதினான் என்று சொல்லமாட்டேன்.
எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று
பிள்ளைகளுக்கு நாம்தானே பழக்கியிருக்கிறோம்.

"நேற்று என்ன படித்தோம்?" என்றேன்.
முப்பத்தெட்டு வாயும் சரியாகச் சொல்லின.
நூர் இன்ஷிரா மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தாள்.
"டீச்சர், படம் எடுக்கும்போது திருமதி ஹெங் சொன்னாங்களே,
பல்லைக் காட்டுங்க, இல்லாட்டி படத்தில் தெரியமாட்டீங்கன்னு.
எல்லாரும் சிரிச்சாங்க.
நீங்க ஏன் சிரிச்சீங்க?"

கூரையில் நான்கு மின்விசிறிகள்.
அவை இத்தனை சத்தம் போடும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

சொல்வதற்கு விடைகள் இருந்தன.
விளையாட்டாகச் சொன்னார்.
காய்ச்சலில் நான் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் அவர்.
இரண்டும் உண்மை.
எட்டு வயதிலிருந்து அந்தச் சிரிப்பை வைத்திருக்கிறேன்,
கைக்குட்டைபோல் மடித்து, எடுக்கத் தோதாக.
நெரிசல் பேருந்தில் என் பக்கத்து இருக்கை மட்டும்
காலியாகவே வரும்போது.
என் பெயரைக் கேட்டதும் வீட்டுத் தரகருக்கு
அந்த வீடு நேற்றே போய்விட்டது என்று
நினைவு வரும்போது.

"பயத்தில் சிரித்தேன்" என்றேன்.
"வலிக்கிறது என்றால்
விளையாட்டு புரியாதவள் என்பார்களே என்று.
இன்று காலை திடலிலும் ஒன்றைப் பார்த்தேன்.
பார்க்காததுபோல் விசில் ஊதினேன்.
அதுவும் அதே பயம்தான்."

பெயர் சொல்லவில்லை.
வெய் ஜேயின் காதுகள் சிவந்தன.
பரிதி தன் அழிப்பானைக் கிள்ளிக் கிள்ளி
மேசையில் சிறு மலையாகக் குவித்திருந்தான்.
பாடக் குறிப்பில் 'கற்றல் விளைவு' என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

இடைவேளையில் திருமதி ஹெங்கிடமும் சொன்னேன்.
"நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லையே."
"தெரியும். ஆனாலும் சொல்லத் தோன்றியது."
இரண்டு கோப்பைத் தேநீரும் ஆறிப்போயின.
அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.
என் பல் நன்றாகத் தெரிகிறது.

துப்புரவுப் பணியாளரின் பெயரை
இன்னும் கேட்டபாடில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி உடற்கல்வி.
வெய் ஜே கையைக் காற்சட்டையில் துடைத்தான்.
எனக்குத் திக்கென்றது.
துடைத்துவிட்டு,
அதற்குப் பிறகுதான் நீட்டினான்.
வியர்வையாக இருக்கலாம்.
வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

பரிதி உடனே பிடித்துவிடவில்லை.
அந்தக் கை காற்றில் நின்றது.
நான் வாயில் விசிலோடு,
ஊதாமல்.